எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வயிற்றைச் சிறிதாக்கும் ஒப்பரேஷனைப் பெரும்பாலும் கொழும்புக்குப் போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள். வரும்போது கையில் ஒரு டயட் தாள் இருக்கும். ஓட்ஸ், புரோக்கோலி, கிரேக்கத் தயிர், புரதப் பவுடர் என்று அதில் எழுதியிருக்கும். வாழைச்சேனையிலோ திருக்கோவிலிலோ ஒரு வீட்டுக் குசினியில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வதற்கும் உங்கள் சேர்ஜன் சொன்னதற்கும் வித்தியாசம் வந்தால் சேர்ஜன் சொன்னதையே கேளுங்கள். உங்கள் வயிற்றுக்குள் பார்த்தவர் அவர்.

முதலில், உங்களுக்குச் செய்தது எது?

இதைக் கேட்டால் பலர் "வயிறு வெட்டின ஒப்பரேஷன்" என்று மட்டும் சொல்வார்கள். அது போதாது. பொதுவாகச் செய்வது இரண்டு வகை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாயை மிச்சம் வைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனும் வெட்டி எடுத்த பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. முதல் மாதங்களில் பசியே தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கத்தில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் மட்டும் கொள்ளும் சின்னப் பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலில் நேராகப் பொருத்திவிடுவார்கள். இதில் சாப்பாடு குறைவதோடு சத்து உறிஞ்சுவதும் குறையும்.

எது செய்தது என்பது உங்கள் டயக்னோசிஸ் கார்ட்டில் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு ஏதோ வருத்தத்துக்குக் கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ வைத்தியசாலைக்குப் போனால், அங்குள்ள டொக்டருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

வீட்டுக்கு வரும் பயணமும் முதல் நாட்களும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம். ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் ஒரே இருப்பில் வரக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க ஊசி தந்திருந்தால் ஒருநாளும் விடாதீர்கள்.

காயங்கள் சின்னவை, நாலைந்து துளைதான். வெளியே சின்னதாக இருப்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நாலு முதல் ஆறு கிழமைக்கு அஞ்சு கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். கிணற்றில் வாளியால் அள்ளுவது, காஸ் சிலிண்டர், நெல் மூட்டை, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். ஆற்றிலோ கடலிலோ முழுகுவது காயம் முழுதாக மூடிய பிறகு. கதிரையில் இருந்து செய்யும் வேலையென்றால் இரண்டு கிழமையில் திரும்பலாம். வயல், கடல், மேசன் வேலைக்காரர் ஆறு கிழமையாவது பொறுக்க வேண்டும்.

நடை மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். வீட்டு முற்றத்தில் தொடங்கி, பிறகு ஒழுங்கை, அப்புறம் கடற்கரை. மட்டக்களப்பு நகரில் இருப்பவர்களுக்குக் காலை ஆறு மணிக்குக் கல்லடிப் பழைய பாலத்தை விட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்: காற்று வரும், தரை மட்டமாக இருக்கும், களைத்தால் கம்பியைப் பிடித்து நிற்கலாம்.

தண்ணீர்

சாப்பாட்டுக்கு முன் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். ஒப்பரேஷன் செய்தவர்கள் மறுபடி வைத்தியசாலையில் படுப்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று உடம்பில் தண்ணீர் வற்றுவது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பக்கத்து வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் உள்ளே போக வேண்டும், முடிந்தால் இரண்டு. ஆனால் ஒரு கப்பை ஒரே மூச்சில் குடிக்க முடியாது.

வழி இதுதான். மருந்துப் போத்தலோடு வரும் 30 மில்லிலீற்றர் கப்பை எடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கப், மிடறு மிடறாக. விழித்திருக்கும் பதினான்கு மணித்தியாலத்துக்கும் இப்படிக் குடித்தால் 1,680 மில்லிலீற்றர் ஆகிவிடும். ஸ்ட்ரோ வேண்டாம், அது காற்றையும் சேர்த்து இழுக்கும். சோடா வகை எதுவும் வேண்டாம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் காணாது என்று அர்த்தம்.

இன்னொன்று: சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான். நம்மவர்களுக்கு இது மிகக் கஷ்டம். தட்டு வைக்கும்போதே கிளாஸும் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே தண்ணீர்ச் செம்பை மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

இளநீர் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து குடிக்கலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் பிரஷர் குளிசை எடுப்பவர்களும் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

சாப்பாட்டுப் படிகள்

*முதல் இரண்டு கிழமை, திரவம் மட்டும்.* முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம்: தண்ணீர், வடித்த கோழி அல்லது மீன் சூப், சீனி போடாத லேசான பிளேன்ரீ. பிறகு ஆடை நீக்கிய பால், வடித்த பருப்புத் தண்ணீர், மோர். இந்தக் கட்டத்தில் புரதம் சேர்க்க ஒரு எளிய வழி உண்டு. 200 மில்லிலீற்றர் பாலில் கொழுப்பு நீக்கிய பால்மா இரண்டு மேசைக்கரண்டி கரைத்தால் 12 கிராம் அளவில் புரதம் கிடைக்கும். விலை கூடின புரதப் பவுடர் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் இதுவும் காரியத்தை முடிக்கும். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு இரைந்தால் மோருக்கு மாறுங்கள்.

*மூன்றாம், நான்காம் கிழமை, மசித்த சாப்பாடு.* இங்கேதான் வீட்டுக்காரர் குழம்புவார்கள். தாளில் இருக்கும் சல்மனைத் தேட வேண்டியதில்லை, அறுக்குளாவோ பாரையோ எடுங்கள். முள் அதிகமுள்ள சின்ன வாவி மீன்களைப் பிறகு பார்க்கலாம். 100 கிராம் துண்டை மஞ்சள், உப்பு, ஒரு பல் பூடு, சின்னத் துண்டு இஞ்சி போட்டு அவியுங்கள். ஆறியதும் தோலை எடுத்துவிட்டு விரலால் உதிர்த்து, முள் இருக்கிறதா என்று இரண்டு முறை தடவிப் பாருங்கள். அவித்த தண்ணீரில் கொஞ்சமும், தேங்காயின் மூன்றாம் பாலில் இரண்டு கரண்டியும் விட்டு அடியுங்கள். இறக்கி இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி. மிளகாய் வேண்டாம், கறித்தூளும் இப்போதைக்கு வேண்டாம். பார்த்தால் நம்ம சொதியைக் கெட்டியாக்கியது போல இருக்கும், வாயில் வைத்தாலும் வீட்டுச் சாப்பாடாகவே தெரியும். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே முடியுங்கள்.

மைசூர்ப் பருப்பு மசியல், குழைவாகக் கிளறிய முட்டை, தயிர் எல்லாம் இதே கட்டத்தில் வரலாம். மட்டக்களப்புச் சட்டித் தயிரை விடச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் நாம் விடப்போவதில்லை. ஆனால் எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம். மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, தேனோ சீனியோ பாணியோ இல்லாமல் சாப்பிட வேண்டும். அது பழக ஒரு கிழமை எடுக்கும்.

*ஐந்தாம், ஆறாம் கிழமை, மென்மையான சாப்பாடு.* சுறா வறை இந்தக் கட்டத்துக்கென்றே செய்த சாப்பாடு மாதிரி. முள் இல்லை, உதிரியாக இருக்கும், புரதம் நிறைய. தேங்காய்ப்பூவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நண்டுச் சதை, அவித்த கோழியைப் பிய்த்து, நன்றாக வெந்த பூசணிக்காய், பப்பாசிப்பழம் எல்லாம் சேரலாம். கணவாய் ரப்பர் போல இழுபடும், மாட்டிறைச்சி நார் நாராக வரும். இரண்டும் கடைசி. மாட்டிறைச்சி வேண்டுமென்றால் அரைத்து, நன்றாக வேகவைத்து, அதுவும் இரண்டு மாதத்துக்குப் பிறகு.

*எட்டாம் கிழமைக்குப் பிறகு, வீட்டுச் சாப்பாடு.* இனி எல்லாம் சாப்பிடலாம் என்பார்கள். கொஞ்சம் மெதுவாக. ஒரு நாளைக்கு ஒரு புதுச் சாப்பாடு மட்டும். பிட்டு, ரொட்டி, புதுப் பாண், சோறு நாலும்தான் அதிகம் சிக்கும். பிட்டு உலர்ந்து நெஞ்சில் நிற்கும். பாண் உமிழ்நீரில் பசையாகிவிடும். சோறு சிலருக்கு ஒரு வருடம் வரை பிடிக்காது. முருங்கைக்காய்ச் சக்கை, அன்னாசி நார், தோடம்பழத் தோல்சவ்வு ஆகியவற்றையும் விழுங்க வேண்டாம்.

கறிக்குச் சோறு

நம் தட்டில் சோறு மலை, ஓரத்தில் ஒரு மீன் துண்டு. ஒப்பரேஷனுக்குப் பிறகு இது தலைகீழாக வேண்டும். மொத்தமாக ஒரு கோப்பைக்கும் குறைவாகத்தான் வயிறு கொள்ளும். அதில் சோறு முதலில் போனால் மீனுக்கு இடமில்லை. மீன் போகாவிட்டால் தசை கரையும், முடி கொட்டும், களைப்பு வரும். ஆகவே மீன், முட்டை, கோழி முதலில். பிறகு மரக்கறி. இடம் மிஞ்சினால் இரண்டு கரண்டி சோறு.

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. சாதாரண ஒரு நாளை இப்படிக் கணக்குப் பார்க்கலாம். காலையில் ஒரு முட்டை, 6 கிராம். பத்து மணிக்கு மேலே சொன்ன பால், 12. மத்தியானம் உள்ளங்கை பாதியளவு மீனும் இரண்டு கரண்டிப் பருப்பும், 16. நாலு மணிக்கு 100 கிராம் தயிர், 4. இரவுக்கு அதே அளவு கோழி, 16. படுக்கும் முன் மறுபடி பால், 12. கூட்டினால் 66. வெள்ளிக்கிழமை மரக்கறி வீடுகளில் இது சட்டென்று பாதியாகிவிடும். அன்றைக்குச் சோயா மீட், கடலை, பயறு, தயிர் எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

தட்டுக்குப் பதிலாகச் சோசர், பெரிய கரண்டிக்குப் பதிலாகத் தேத்தண்ணிக் கரண்டி. ஒரு வாயை இருபது முப்பது தரம் மென்று, கரண்டியைக் கீழே வைத்து, அப்புறம் அடுத்த வாய். ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம். வயிறு நிரம்பியதை இனி வயிறு சொல்லாது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு நெஞ்சில் ஒரு அழுத்தம். என் மச்சாளுக்கு மூக்கால் நீர் வடியும். களுவாஞ்சிக்குடியில் ஒரு சாமத்திய வீட்டில் பார்த்தேன். கோழித் துண்டு பாதி முடியவில்லை, லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தாள், தட்டைத் தள்ளிவைத்தாள். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "என்ன மனே, கோழி கொத்தின மாதிரி. நாலு வாய் சோறாவது தின்னு" என்று அகப்பையோடு வந்துவிட்டார். "காணும் பெரியம்மா, டொக்டர் ஏசுவார்" என்றாள். டொக்டர் பெயரைச் சொன்னால் நம் ஆட்கள் விட்டுவிடுவார்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள், சமைத்தவருக்கு மனவருத்தம், உங்களுக்கு இன்னொரு அகப்பை.

இனிப்பும் நெஞ்சுப் படபடப்பும்

பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகமாகவும், ஸ்லீவ்காரர்களுக்குச் சில வேளையும் இது வரும். இனிப்போ எண்ணெய்ப் பண்டமோ சாப்பிட்டு பத்து முதல் முப்பது நிமிடத்தில் வயிறு முறுக்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், வயிற்றோட்டம் போகும். சீனி குடலுக்குள் ஒரேயடியாக இறங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை இழுப்பதால் வருவது. இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து. இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். கை நடுங்கும், தலை சுற்றும், கண் இருட்டும். மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் இதில் மிகக் கவனம். இரண்டாவது வகை அடிக்கடி வந்தால் டொக்டரிடம் போக வேண்டும்.

வட்டிலப்பம், ஐஸ்கிரீம், பால் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போன்றவற்றில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மெல்ல வேண்டியதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிரம்பிய உணர்வே தராது. போன எடை திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

குளிசைகள்: ஆயுள் முழுவதும்

எனக்கு மிகவும் கவலை தருகிற பகுதி இது. எடை குறையும் வரைக்கும் எல்லோரும் குளிசை எடுக்கிறார்கள். ஒரு வருடத்தில் ஆள் அழகாக மெலிந்ததும், "இப்ப நல்லாத்தானே இருக்கிறன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். கொழும்புக் கிளினிக்குக்குப் போக ஒரு இரவுப் பயணம், ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் அதுவும் நின்றுவிடும். குறைபாடு அன்றைக்குத் தெரியாது. பி12 சேமிப்புக் கரைய வருடக்கணக்கில் எடுக்கும், ஆனால் நரம்பைப் பாதித்துவிட்டால் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பொதுவாகத் தேவைப்படுபவை: ஒரு மல்டிவிற்றமின் குளிசை; பி12 (குளிசையாகவோ மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசியாகவோ); இரும்பு (மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ்காரருக்கும் நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம்); கல்சியம் (நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம், இரண்டு மூன்றாகப் பிரித்து); விற்றமின் டி. கல்சியத்தில் சிட்ரேட் வகை, அமிலம் குறைந்த வயிற்றிலும் நன்றாக உறிஞ்சப்படும். பார்மசியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரும்பையும் கல்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுப்பதும் வீண்.

இரத்தப் பரிசோதனை 3, 6, 12 மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை. இதற்கு ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. என்னென்ன பார்க்க வேண்டும் என்று சேர்ஜனிடம் எழுதி வாங்கி, இங்கேயே செய்து, முடிவைப் போனில் அனுப்பலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒப்பரேஷன் முடிந்த சில நாளிலேயே சீனி இறங்கத் தொடங்கும். பழைய அளவு இன்சுலினையோ குளிசையையோ அப்படியே தொடர்ந்தால் மயங்கி விழலாம். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், டொக்டரோடு பேசி மாற்றுங்கள்.

உடம்பு நோவுக்குப் பார்மசியில் கேட்டு டைக்குளோபினாக், ஐபுபுரூபன் வாங்கி விழுங்குவது நம் ஊர்ப் பழக்கம். பைபாஸ்காரருக்கு இது வயிற்றில் புண்ணை உண்டாக்கும், ஸ்லீவ்காரருக்கும் நல்லதில்லை. பரசிற்றமோல் போதும். டெங்குக் காலத்தில் இது எல்லோருக்கும் பொருந்தும். சிகரெட்டும் அந்தப் புண்ணுக்கு வழிவிடும். சாராயம் முன்னை விட வேகமாக ஏறும், பழைய அளவை நம்பிக் குடிப்பவர்கள் ஏமாறுவார்கள்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

காய்ச்சல், நிற்காத வயிற்று நோவு, தோள்மூட்டு நோவு, ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது. முதல் கிழமைகளில் இவை தையல் கசிவின் அறிகுறியாக இருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி நோவது, திடீர் மூச்சுத்திணறல். கறுப்பாக மலம் போவது. இவற்றுக்குக் கொழும்பு டொக்டரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, பக்கத்தில் உள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள், பிறகு போன் பண்ணலாம்.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சத்தி எடுத்தால் அதையும் சின்ன விசயமாக எடுக்காதீர்கள். தயமின் என்ற பி1 விற்றமின் சில கிழமைக்குள்ளேயே தீர்ந்து, நடை தள்ளாடி, கண் இரண்டு இரண்டாகத் தெரியத் தொடங்கும். "சேலைன் ஏற்றும் முன் தயமின் தேவையா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

நோன்பு, விரதம்

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வீடுகளில் முதல் கேள்வி ரமழான். முதல் 12 முதல் 18 மாதத்துக்கு நோன்பு பிடிக்க வேண்டாம் என்பதே வழக்கமான மருத்துவ ஆலோசனை. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. அதற்குப் பிறகு டொக்டர் சம்மதித்தால், நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், சில மிடறு தண்ணீர். அரை மணித்தியாலம் விட்டு இறைச்சி போட்ட நோன்புக் கஞ்சி கால் கோப்பை. சஹருக்கு முட்டையும் தயிரும் கட்டாயம். இரவு முழுக்கக் கப்பும் கையுமாகத் தண்ணீர். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். பாலும் பழமும் எடுத்து விரதம் இருக்கலாம், தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது.

எடை நின்றுபோனால், முடி கொட்டினால்

மூன்றாம் கிழமையளவில் தராசு அசையாமல் நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, கிழமைக்கு ஒருமுறைக்கு மேல் நிறுக்காதீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டும். வேகமாக மெலிந்த உடம்பின் எதிர்வினை அது, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை. வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரவும் இடமுண்டு. வலது விலாவுக்குக் கீழே நோ வந்தால் ஸ்கான் எடுங்கள்.

கலியாணம் கட்டிய பெண்கள் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும், ஆனால் 12 முதல் 18 மாதம் வரை பிள்ளை தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வேறு முறையைக் குடும்பநல மிட்வைவ் மிஸ்ஸிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊர் வாய் ஒன்று இருக்கிறது. மெலியாதபோது "குண்டு" என்றவர்களே, மெலிந்த பிறகு "முகம் வாடிப் போச்சு, சீக்காளி மாதிரி" என்பார்கள். தொங்கும் தோல் மனதை இன்னும் வாட்டும். தினம் நடையோடு கிழமைக்கு இரண்டு மூன்று நாள் சின்னப் பாரம் தூக்கிப் பயிற்சி செய்தால் தசை நிற்கும், தோல் முழுதாக ஏறிவிடாது. கவலையோ தூக்கமின்மையோ இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் மனநலக் கிளினிக்குக்குப் போவதில் வெட்கமில்லை.

இரண்டாம் வருடத்தில் பசி திரும்பும். வயிறும் கொஞ்சம் கூடக் கொள்ளும். அப்போது கவனிக்க வேண்டியது பின்னேரத் தேத்தண்ணி வேளை. இரண்டு மாரி பிஸ்கட், ஒரு பிடி மிக்சர், பிள்ளை மிச்சம் வைத்த பணிஸ் பாதி. சாப்பாட்டுக் கணக்கில் வராத இவைதான் மாதம் ஒரு கிலோவாக ஏறும். அந்த நேரத்துக்கு அவித்த கடலையையோ ஒரு முட்டையையோ முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எடை மூன்று கிலோ கூடியதும் கிளினிக்குக்குப் போங்கள், பத்துக் கிலோ ஆகட்டும் என்று பார்த்திருக்காதீர்கள்.